முதல் வரிசைக் கல்லறை

மகள் இறந்துபோன செய்தி முத்தம்மாவுக்கு மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் தெரிந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எண்ணெய் பாட்டில்களுக்கு மூடி செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. உள்ளே போகும்போது செல்போனை வாசலில் கொடுத்துவிட வேண்டும். காலையெல்லாம் அந்தப் போன் செக்யூரிட்டி அறையில் அடித்து அடித்து ஓய்ந்திருந்தது. முத்தம்மாவோ ஓரம் பிசிறடித்த மூடிகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டபடி, ஷைனிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல பையன், ஆனால் உயரம்தான் கொஞ்சம் கம்மி என்று.

ஷைனி வேலை பார்த்தது காருக்கு வயர் கட்டும் கம்பெனியில். கம்பெனி வண்டி நெடுஞ்சாலையின் எதிர்ப்பக்கத்தில் வந்து நிற்கும். காலனித் தெரு சாலையில் போய் முட்டும் இடத்தில், சாலை நடுவே இருக்கும் தடுப்பை யாரோ எப்போதோ உடைத்து வழி பண்ணியிருந்தார்கள். முறைப்படி கடப்பதென்றால் மேம்பாலம் வரை நடந்து சுற்றி வர வேண்டும். ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள் யாரும் அப்படிச் சுற்றுவதில்லை. அன்று ஷைனியும் அவள் தோழி ஸ்நேகாவும் கையைப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். ஒரு லாரிக்காரர் நிறுத்தி, போங்க என்று கை காட்டினார். அந்த லாரியின் மறைவில் வந்த இன்னொரு வண்டியை இரண்டு பேருமே பார்க்கவில்லை. ஸ்நேகாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஷைனி ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

காலனி மக்கள் மறியல் செய்தார்கள். அதிகாரிகள் வந்து உடைந்த தடுப்பைக் கான்கிரீட் போட்டு அடைத்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அது மறுபடியும் உடைந்திருந்தது. உடைத்தவர்கள் மேல் யாருக்கும் கோபம் வரவில்லை. வேலைக்குப் போயாக வேண்டுமே.

ஷைனியின் அப்பா யேசுதாஸ் இரும்பு உருக்காலையில் வேலை செய்தான். தினமும் சைக்கிளில் நெடுஞ்சாலை வழியாகத்தான் போவான். மாதா கோவில் கல்லறைத் தோட்டம் காலனித் தெருமுனைக்குப் பக்கத்தில், சாலையை ஒட்டியே இருந்தது. மகளுக்கு எங்கே குழி வெட்டுவது என்று கேட்டபோது, சாலையோரமாக முதல் வரிசையில் என்று அவன்தான் சொன்னான். சுவர் குட்டைச் சுவர். சைக்கிளில் போகும்போதே சிலுவை தெரியும். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை பெல் அடித்துவிட்டுப் போவான். அவளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டி வந்த காலத்தில் தெருமுனையில் அப்படித்தான் அடிப்பான். வீட்டில் அவன் அதிகம் பேசாமல் போனாலும் அந்த பெல் சத்தத்தைப் பற்றிப் பக்கத்துத் தெருக்காரர்கள் முத்தம்மாவிடம் சொல்லியிருந்தார்கள்.

அதற்கு அடுத்த வருஷம், பஸ்ஸுக்கென்று தனிப்பாதை வரப்போகிறது என்ற பேச்சு வந்தது. சாலையின் நடுவில் பஸ் மட்டும் ஓடும் தடம். தொழிற்பேட்டையில் கிளம்பித் தெற்கே போகும், சிக்னலில் நிற்காது, அடுத்தடுத்து வண்டி வரும். மக்களின் கருத்தைக் கேட்கிறோம் என்று கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். முத்தம்மா போக நினைக்கவில்லை. ஸ்நேகாதான் வந்து இழுத்துப் போனாள்.

மண்டபத்தில் ஒரு பெரிய வரைபடத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார்கள். எங்கே ஸ்டாப் வேண்டுமோ அங்கே ஒட்டச் சொல்லி ஆளுக்கொரு சிவப்பு வட்டத்தைக் கொடுத்தார்கள். பார்ப்பதற்கு ஸ்டிக்கர் பொட்டு மாதிரியே இருந்தது. பெண்கள் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் தன் கடைக்கு நேராக ஒட்டினார். அரிசி மில்காரர் தன் வாசலில் மட்டும் கூடாது என்று சண்டை போட்டார். திட்டக்காரர்கள் போட்டிருந்த கணக்குப்படி ஸ்டாப், பெரிய கம்பெனிகளின் வாசலுக்கு நேராக இருந்தது. காலனிக்குக் கிட்டத்தில் எதுவும் இல்லை.

முத்தம்மா வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை. திட்டக் குழுவில் இருந்த காயத்ரி என்ற பெண் அருகில் வந்து, "எந்த இடம்னு சொல்லுங்கம்மா, நான் காட்டுறேன்" என்றாள்.

"எம் பொண்ணு அடிபட்ட எடம்" என்றாள் முத்தம்மா.

காயத்ரி கொஞ்சம் தடுமாறிப் போனாள். பிறகு விசாரித்து விசாரித்து, கோவில், ஏரிக்கரை, காலனித் தெரு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக் கடைசியில் விரலை நிறுத்தினாள். முத்தம்மா பொட்டை அங்கே ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள். பின்னால் நின்ற காலனிப் பெண்களும் ஒவ்வொருவராக அதன் மேலேயே ஒட்டினார்கள்.

"நடுரோட்டுல ஸ்டாப் வெச்சா மட்டும் பத்தாது மேடம்" என்றாள் ஸ்நேகா. "அதுக்கும் ரோட்டைத் தாண்டித்தானே போவணும்? கீழ வழி வேணும். இல்லன்னா மறுபடியும் நாங்க ஓடிக்கினுதான் இருப்போம்."

காயத்ரி அடுத்த வாரம் காலை ஷிப்டு நேரத்தில் அந்த இடத்துக்கே வந்து நின்றாள். கூட ஆட்களையும் கூட்டி வந்திருந்தாள். எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எண்ணினார்கள். இரண்டாவது கூட்டத்தில் புதிய படம் வந்தது. காலனித் தெருமுனையில் ஸ்டாப். அதற்குப் போகச் சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை. மண்டபத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். முத்தம்மாவுக்குக் கை தட்ட வரவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். ஷைனி செத்த பிறகு அன்றைக்குத்தான் அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது.

வீட்டுக்கு வந்து யேசுதாஸிடம் சொன்னாள்.

"வரட்டும்" என்றான் அவன். பிறகு, "நல்ல வேலதான் பண்ணிகிற" என்றான். அந்த ஒரு வார்த்தையை அவள் பல நாள் நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் காயத்ரி வந்தபோது கோவில் ஃபாதரும் கூட வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை. யேசுதாஸ் வீட்டில் இருந்தான். முத்தம்மா கொடுத்த தண்ணீரைக் காயத்ரி குடிக்காமல் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தாள்.

சாலையை அகலப்படுத்தாமல் ஸ்டாப் வராது. ஒரு பக்கம் ஏரிக்கரை; அதைத் தொடக்கூடாது. இன்னொரு பக்கம் கல்லறைத் தோட்டம். சுரங்கப்பாதைப் படிக்கட்டு முதல் வரிசையின் மேல்தான் விழுகிறது. எல்லாம் பழைய கல்லறைகள், ஷைனியுடையதைத் தவிர.

"வேற மாதிரி போட முடியுமான்னு எல்லா விதத்துலயும் பாத்துட்டோம்மா" என்றாள் காயத்ரி. "படிக்கட்டைத் தள்ளிப் போட்டா அங்க கேஸ் பைப் லைன் போவுது. முடியல."

யேசுதாஸ் ஃபாதரைப் பார்த்தான். "நீங்க இன்னா சொன்னீங்க ஃபாதர்?"

"குடும்பங்க எல்லாம் சம்மதிச்சாத்தான் நெலம் குடுக்கறதுன்னு சொல்லிட்டோம் யேசுதாஸ். மத்தவங்க சரின்னுட்டாங்க. உங்களை யாரும் கட்டாயப்படுத்தல."

"நாங்க வேணான்னா?" என்று கேட்டாள் முத்தம்மா.

காயத்ரி சொம்பைக் கீழே வைத்தாள். "பழைய படத்துக்கே போயிடுவாங்க. ஸ்டாப் கம்பெனி வாசலுக்குப் போயிடும். சுரங்கப்பாதை வராது."

"அப்ப வேணாம்" என்றான் யேசுதாஸ். "ஒரு தபா செத்துட்டா. மறுபடியும் அவளை எடுத்து எதுக்குப் பேஜாரு பண்றீங்க? அவளாவது நிம்மதியா படுத்துக்கினு இருக்கட்டும்." எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

முத்தம்மாவும் அன்று வேண்டாம் என்றுதான் சொல்லி அனுப்பினாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பெற்றவள் வேறு என்ன சொல்வாள்?

ஆனால் மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது ஸ்நேகாவைப் பார்த்தாள். இதற்குள் கல்யாணமாகியிருந்த ஸ்நேகாவுக்கு அப்போது ஏழாம் மாதம். தடுப்பின் உடைந்த இடத்தில், வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே வழி பார்த்து நின்றாள். அவளால் ஓட முடியவில்லை. ஒவ்வொரு வண்டி போகும்போதும் துப்பட்டா முகத்தில் வந்து அடித்தது. முத்தம்மா இந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள். சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஸ்நேகா கடந்து முடிக்கும்வரை முத்தம்மா அங்கேயே நின்றாள். அவள் கம்பெனி வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கை ஆட்டியபோது முத்தம்மா அப்படியே ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். மகளிடம் என்ன பேசினாள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. வெயில் ஏறிய பிறகு அங்கிருந்து எழுந்து ஃபாதர் வீட்டுக்குப் போய், சம்மதம் என்று கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் சொன்னபோது யேசுதாஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்.

"என்னைக் கேக்கணும்னு தோணலயா?"

"கேட்டா நீ வேணான்னுவ."

"ஆமா, வேணான்னுதான் சொல்லுவேன்." அவன் குரல் உயரவேயில்லை. "இந்த ரோட்டை நம்ம பொண்ணு மேல நீதான் கூட்டிக்கினு வந்த முத்தம்மா. வேற யாரும் இல்ல."

அது உண்மைதான் என்று அவளுக்கே பட்டது.

கல்லறையைத் தோண்டிய காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. பழைய கல்லறைகளில் எடுக்க அதிகம் இருக்கவில்லை. வெள்ளைத் துணியில் முடிந்து, பின்புறம் வெட்டிய புதுக் குழிகளில் வைத்து ஜெபம் செய்தார்கள். ஷைனியின் முறை வந்தபோது ஃபாதர் முத்தம்மாவைத் திரும்பி நிற்கச் சொன்னார். அவள் கோவில் சுவரைப் பார்த்து நின்றாள். கயிறு உரசும் சத்தம் கேட்டது. ஆட்கள் பேசிக்கொள்வது கேட்டது. நடுவில் ஒரு குரல், "தள்ளு, நான் புடிக்கிறேன்" என்றது. யேசுதாஸ் உருக்காலைச் சட்டையோடு வந்திருந்தான். வரமாட்டேன் என்று சொல்லியிருந்தவன். பெட்டியின் தலைப்பக்கத்தை யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கினான். "மெதுவா, மெதுவா" என்று அந்தத் தோட்டத்தின் கடைசிவரை சொல்லிக்கொண்டே போனான். புதுக் குழியை மூடியதும் வெளியே போனான்.

அதற்குப் பிறகு அவன் சைக்கிளில் அந்தச் சாலை வழியாகப் போகவில்லை. உருக்காலை வேலையையும் விட்டான். கவரைப்பேட்டையைத் தாண்டி ஆரணியில் அவன் தங்கை வீடு இருந்தது. அங்கே ஒரு நெல் மண்டியில் மூட்டை தூக்கப் போகிறேன் என்றான். முத்தம்மா அவன் துணிகளை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தாள்.

ஸ்நேகாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சாலை வேலை இழுத்து இழுத்து, குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகு முடிந்தது. தடுப்பு இருந்த இடத்தில் பஸ் தடமும் உயரமான கம்பி வேலியும் வந்தன. இப்போது அங்கே யாரும் குறுக்கே ஓடுவதில்லை. ஷிப்டு நேரத்தில் படிக்கட்டில் கூட்டம் நெரிக்கிறது. பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டே இறங்குகிறார்கள். திறப்பு விழாவுக்குக் காயத்ரி தேடி வந்து கூப்பிட்டாள். முத்தம்மா போகவில்லை.

போன கல்லறைத் திருநாள் அன்று விடிந்ததும் முத்தம்மா பூவோடு தோட்டத்துக்குப் போனாள். யேசுதாஸ் முன்பே வந்து மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். இரண்டு பேரும் கல்லறைக்கு இரண்டு பக்கமும் நின்று ஜெபித்தார்கள்.

"நாஷ்டா துன்னியா?" என்று கேட்டாள்.

"ஊட்டுக்குப் போய்த் துன்னுவேன்."

ஊடு என்று அவன் சொன்னது ஆரணி என்பது அவளுக்குப் புரிந்தது.

"வந்துட்டுத்தான் போயேன். இட்லி ஊத்தி வெச்சிகிறேன்."

"இல்ல முத்தம்மா. கவரப்பேட்டை பஸ்ஸைப் புடிக்கணும்."

அவள் கூடவே வெளியே வந்தாள். கல்லறைத் தோட்ட வாசலுக்குப் பக்கத்திலேயே படிக்கட்டு. "இப்டி எறங்குனா பஸ்ஸு" என்றாள், அவனுக்குத் தெரியாதது போல.

யேசுதாஸ் படிக்கட்டைப் பார்த்தான். "நான் இங்க கால் வெக்க மாட்டேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "நீ போ. உனுக்கு ஷிப்டுக்கு நேரமாவுது."

சாலையோரமாக அடுத்த ஸ்டாப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். அது ரொம்ப தூரம். அவன் திரும்பிப் பார்ப்பான் என்று முத்தம்மா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, வேலைக்குப் போகும் பெண்களோடு சேர்ந்து படியில் இறங்கினாள்.