ஆட்டோ ஏறிய இடம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேலைக்கும் வேண்டுதலுக்கும் அல்லாமல் சும்மா நடந்த முதல் ஆளும் நான்தான். முதலாவதை அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொள்வாள். இரண்டாவதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஹைதராபாத்தில் வேலை கிடைத்து, குஷாய்குடாவில் வீடு பிடித்து, அம்மாவை அழைத்துவந்த பிறகுதான் இந்தப் பழக்கம் தொற்றியது. ஆபீஸில் ஒரு கூட்டம் சனி ஞாயிறுகளில் நடக்கக் கிளம்பும். விகாராபாத் பக்கத்துக் காட்டுப் பாதைகள். அது அலுத்தால் இரவு ரயிலேறி ஆந்திரக் கடற்கரை. நாளடைவில் அவர்கள் விட்டுவிட்டார்கள், என்னால் விட முடியவில்லை. வெயிலோ மழையோ பனியோ, தனியாகவே போனேன். அம்மாவிடம் ஆபீஸ் ஆட்களோடு வெளியூர் என்று மட்டும் சொல்வேன்.

ஒருமுறை சூர்யலங்காவிலிருந்து வாடரேவு வரை கடலோரமாகவே நடந்தேன். ஷூவுக்குள் மணல் புகுந்து குதிகாலை அறுத்தது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அலை நனைத்து இறுகிய மணலில் வெறுங்காலோடு போனேன். கிளிஞ்சல் கிழித்த பாதங்களோடு வீடு திரும்பியபோது அம்மா பார்த்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் பழனிக்கு நடந்து போய்வருகிறவர்களின் கால் அப்படித்தான் இருக்கும். உட்காரவைத்து, மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் போட்டாள்.

"செருப்பில்லாமயா நடந்த?"

"ஆமாம்மா."

"யாருக்காகடா?"

வெறுங்காலோடு நடக்கிறவன் யாருக்காகவோதான் நடப்பான் என்பது அவளுக்குத் தெரிந்த உலகம். நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே பதிலையும் அவளே சொன்னாள். "அக்காளுக்குத்தான?" அவள் கண் கலங்கிவிட்டது.

அக்கா என்னை இடுப்பில் சுமந்ததால் பள்ளிக்கூடம் போகாதவள். இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. நான் இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமாமென்றும் சொல்லவில்லை.

அந்த வருஷமே அக்கா மறுபடி உண்டானாள். அம்மாவுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. நான் நடக்கிற நாளில், நடந்து முடித்துப் போன் பண்ணும்வரை பச்சைத்தண்ணீர் தவிர எதையும் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டாள். வயிற்றுப்புண் உள்ளவள். நான் கெஞ்சியும் கேட்கவில்லை. அம்மா சொல்லிக் கேட்ட மாடிவீட்டுத் தெலுங்கு அம்மாள் என்னைப் படியில் பார்த்தால் 'பங்காரம்' என்பாள். தங்கமாம். எனக்காக இம்புட்டு நடக்கிறியே தம்பி என்று அக்கா போனில் தழுதழுத்தபோது, சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

நடப்பதையே நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லிப்பார்த்தேன். பிள்ளை பிறக்கிறவரை நிறுத்தக் கூடாது என்றாள் அம்மா. அதைக் கேட்டு உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதுதான் உறுத்துகிறது. உண்மையைச் சொல்லவும் பயம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் சொன்ன பிறகு அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அக்காவுக்கு எட்டாம் மாதம். மறுபடியும் அதே கடற்கரைக்குப் போனேன். விடியும்போது தூறல், போகப் போக ஊசி மழை. கடல் எது வானம் எது என்று தெரியவில்லை. பாதி வழியில், வலை போட்டுவைக்கும் கொட்டகையில் ஒதுங்கி அம்மாவுக்குப் போன் போட்டேன். குரல் கம்மியிருந்தது. வயிறு எரியுதா என்றேன். அதை விடு, இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ரோட்டுக்கு ஏறி, வந்த ஷேர் ஆட்டோவில் வாடரேவு போய் இறங்கினேன்.

"வந்துட்டேம்மா. சாப்புடு."

"நடந்தேதான?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் சாப்பிட்டுவிடுவாள். ஏற்கெனவே ஒரு முறை வாயை மூடிக்கொண்டதில்தான் இவ்வளவும் வந்தது.

"இல்லம்மா. பாதியில ஆட்டோ ஏறிட்டேன். நான் அக்காளுக்காக நடக்கலம்மா. என்னைக்குமே நடக்கல. எனக்குப் புடிச்சிருக்கு, நடக்குறேன்."

போனில் குக்கர் விசில் கேட்டது, மாடிவீட்டிலிருந்தாக இருக்கும்.

"வேண்டிக்கிட்டவ நானு," என்றாள் கடைசியில். "நீ புடிச்சு நடந்தா என்ன, புடிக்காம நடந்தா என்ன. ஆட்டோ ஏறுனதுதான் ஆகாது. ஏறுன எடத்துக்கே போயி நடந்து வா. நான் பொறவு சாப்டுக்கிறேன்."

"அம்மா, மழை பெய்யுது."

"பெய்யட்டும். பேசிக்கிட்டே நின்னா எனக்குத்தான் பசிக்கும்."

அதே ஆட்டோக்காரரிடம் திரும்பக் கொண்டுபோய் விடச் சொன்னேன். எதையாவது மறந்துவிட்டீர்களா என்று தெலுங்கில் கேட்டார். ஆமாம் என்றேன். கொட்டகைக்கு நேராக ரோட்டில் இறங்கி, கடற்கரைக்கு வந்து, ஷூவைக் கழற்றிப் பையில் கட்டிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினேன். அம்மா மூடிவைத்த சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்புதான் காலைத் தள்ளியது.

வாடரேவு வீடுகள் தெரியும் தூரத்தில் மழை விட்டது. மேகம் கிழிந்து, கடலில் ஓரிடத்தில் மட்டும் வெயில் விழுந்தது. அந்த வட்டத்துக்குள் ஒரு படகு போனது. என்னை அறியாமல் நின்றுவிட்டேன். அது வெளிச்சத்தைத் தாண்டிப் போகும்வரை நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது.