கடல் தண்ணீர் ஒரு பாட்டில்

"சங்கு நண்டு, ஒன்று. எடுத்தது: திருச்செந்தூர்ப் பாறைக்கரை, வெள்ளி மாலை ஐந்து மணி. திங்கள் வகுப்பில் காட்டியபின் கடலிலேயே விட வேண்டும்."

பிள்ளைகள் கொண்டுவந்த வாளியில் ஒட்டிய சீட்டை, பத்திரிகைச் செய்திக்காக அப்படியே எழுதிக்கொள்கிறேன். ஆனி மாதச் சனிக்கிழமை, காலை பத்து இருபது, தென்காசி ஸ்டேஷன். கடற்கரை உயிர்களைத் தொட்டுப் பார்த்துப் படித்துவிட்டு, குற்றாலத்துப் பள்ளிப் பிள்ளைகள் ரயிலிலிருந்து குதிக்கிறார்கள். அந்த அவசரத்தில் வாளி சாய்ந்து, முக்கால்வாசித் தண்ணீர் பிளாட்பாரத்தில் ஓடுகிறது. நண்டு சங்குக்குள் ஒடுங்கிவிடுகிறது.

முறுக்கு விற்பவர் குடத்தோடு ஓடிவருகிறார். "தள்ளுங்க பிள்ளேளா! குத்தாலத் தண்ணி, அம்புட்டும் மூலிகை."

"ஊத்திராதிய அண்ணாச்சி! உப்புத் தண்ணி இல்லன்னா செத்துரும்!" ஒரு சிறுமி வாளிமேல் இரு கைகளையும் விரிக்கிறாள்.

"ஏட்டி, மனுசன் சீக்கே இதுல ஓடுது. நண்டு என்ன பெரிய மைனரா?"

எல்லோரும் சிரிக்கிறார்கள். அவள் மட்டும் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுக்கிறாள். கடலையே பார்த்திராத தன் அம்மாவுக்குக் காட்டப் பிடித்துவந்த கடல் தண்ணீராம். அதை வாளியில் கவிழ்க்கிறாள்.

"ஒங்கம்ம கேட்டா என்னட்டி சொல்லுவ?" என்கிறாள் தோழி.

"ஒரு வாய் மிச்சம் வச்சிருக்கேன். உப்புக் கரிக்கான்னு நக்கிப் பாக்கட்டும்."

"ஏ, கால் வருது! கால் வருது!"

பிளாட்பாரமே வாளிமேல் குனிகிறது. முறுக்குக்காரர் தலைதான் முன்னால் நிற்கிறது.

நண்டு திங்கள்வரை உயிரோடு இருந்ததா என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.