கருமணல் ஒத்தடம்

எம்.எஸ்சி. ஜியாலஜி இரண்டாம் வருட ஆய்வுக்கு எங்கள் ஊர்க் கடற்கரையையே எடுத்துக்கொண்டேன். மண்டைக்காட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். மணல் கறுப்பாக, வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடக்கும். அதில் மோனசைட் என்றொரு கனிமம் உண்டு, அதற்குள் தோரியம், தோரியத்திலிருந்து கதிர்வீச்சு. பரீட்சையில் இதைப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதுவரை எனக்கு அது ஒரு பாடம், அவ்வளவுதான்.

கதிர்வீச்சை அளக்கும் சின்ன மீட்டரைக் கல்லூரியில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருந்தேன். கடற்கரையில் அளக்கப் போகுமுன் சரிபார்க்கலாமென்று ஒரு நாள் காலையில் வீட்டுக்குள்ளேயே ஆன் செய்தேன். அடுக்களையில் டிக், டிக் என்று நிதானமாகத்தான் இருந்தது. அக்கா படுத்திருந்த கட்டிலருகே போனதும் சடசடவென்று அடிக்க ஆரம்பித்தது. அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

போர்வையை விலக்கிப் பார்த்தால் அவள் இடுப்போடு ஒட்டி ஒரு துணி மூட்டை. அம்மாவின் கைவைத்தியம். மணலை வறுத்துத் துணியில் கட்டி இடுப்பு வலிக்கு ஒத்தடம் கொடுப்பாள். வெள்ளை மணல் சீக்கிரம் ஆறிவிடுமாம், கருமணலில்தான் சூடு நிற்குமாம். அதனால் அலை ஒதுக்கிப் போட்டதில் நல்ல கறுப்பாகப் பார்த்து அள்ளி வந்திருக்கிறாள். நான் ஆய்வு மாதிரிக்காக வெயிலில் தேடி அலைந்த அதே மணல். மூன்று வாரமாகத் தினமும் ஒத்தடம். முடிந்த பிறகும் இதமாக இருக்கிறதென்று அக்கா அதை அணைத்தபடியே தூங்கியிருக்கிறாள்.

மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினேன். ஆய்வுக்கு வேண்டும் என்று புளுகினேன். வயிற்றுப்பிள்ளைக்காரியின் ஒத்தடத்தைப் பறிக்கிற படிப்பு என்ன படிப்பு என்று அம்மா திட்டித் தீர்த்தாள். அக்கா மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"ஒனக்க மெஷின் ஏன்ட்டி எனக்க பக்கத்துல வந்ததும் கெடந்து கத்திச்சு?"

பேட்டரி போய்விட்டது என்றேன்.

பேராசிரியருக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கணக்குப் போட்டு, இவ்வளவு மணலுக்கு, இத்தனை நாளுக்குப் பயப்படும்படி ஒன்றுமில்லை என்றார். தலைக்குப் புரிந்தது. மனசு கேட்கவில்லை. அக்கா ஸ்கேனுக்குப் போன நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெண்குழந்தை பிறந்தது, ஒரு குறையும் இல்லை என்றார்கள் டாக்டர்கள். ஆனாலும் அதற்கு ஒரு சளி பிடித்தால்கூட எனக்கு அந்தச் சடசடப்பு காதில் கேட்கும். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தைரியமில்லை, அதுதான் உண்மை.

கல்லையும் மண்ணையும் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நிலத்தடி நீர், சுரங்கம், எண்ணெய்க் கிணறு என்று அடுக்குவேன். கடைசியில் எனக்குக் கிடைத்தது வேறொரு மாநிலத்தில், கடல்மணலிலிருந்து கனிமம் பிரிக்கும் ஒரு நிறுவனத்தில். நேர்முகத்தில், இந்த மணலோடு வேலை செய்யப் பயமா என்று கேட்டார்கள். எங்கள் ஊர் மணல்தானே சார் என்று சிரித்தேன். அதுவும் புளுகுதான்.

சேர்ந்த வாரத்தில் அக்கா வீடியோ காலில் வந்தாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. என் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைப் பார்த்து, ஐ.டி. கார்டா என்று கேட்டாள். புது வேலையின் பெருமையில் நானும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"இல்லக்கா. கதிர்வீச்சு நம்ம மேல எவ்வளவு படுதுன்னு பாக்கதுக்கு. மூணு மாசத்துக்கு ஒருக்க எடுத்துப் பாப்பாங்க."

"அங்கயும் நம்ம ஊரு போல கருமணலா?"

ஆமாம் என்றேன்.

அவள் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப அன்னைக்குப் பேட்டரி போவல்ல, இல்லியா மக்கா?"