பாணிக்குடம்

மாகறலைத் தாண்டி, சேயாற்றை ஒட்டிய செங்கல் சூளையில் என் அம்மா கல் அறுத்துக்கொண்டிருந்த காலம். பக்கத்துக் கொட்டகைக்கு ஒடிசாவிலிருந்து ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. அவர்கள் மகள் சுமிக்கு என் வயதுதான். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஒடியா தெரியாது. பொங்கல் கழிந்து வெயில் ஏறுவதற்குள் இரண்டுக்கும் நடுவே ஒரு பேச்சு தானாக முளைத்துவிட்டது. அவள் சொல்லை எடுத்து எங்கள் ஊர் வாலை ஒட்டிவிடுவோம். சோறு தின்றுகொண்டிருந்தால் "பாத் காய்க்கினு கீறேன்." தண்ணீர் என்றால் பாணி. ஏதாவது உடைந்தால் "பாங்கிச்சி." வேறு யாருக்கும் அது புரியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஒரு மத்தியானத்தில் அந்தக் கர்வம் போயிற்று. பிரசவத்துக்கு நாள் இருக்கும்போதே சுமியின் அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. ஆண்கள் எல்லாம் லோடோடு போயிருந்தார்கள். இந்தி தெரிந்த மேஸ்திரியும் அவர்களோடு. ஆம்புலன்ஸ் உத்திரமேரூரிலிருந்து வர வேண்டும். அதற்குள் ஊர் நர்ஸம்மா ஸ்கூட்டியில் வந்துவிட்டார். அவர் கேட்டது எதுவும் சுமியின் அம்மாவுக்கு விளங்கவில்லை. என் அம்மா என்னைப் பிடித்து உள்ளே தள்ளினாள்.

"இதுதான் அவங்க பாஷை பேசிக்கினு திரியுது. இத்த கேக்கச் சொல்லுங்க."

சுமியின் அம்மா என் மணிக்கட்டை இறுகப் பற்றினாள். என் வளையல் நொறுங்கியது. ஏதேதோ சொன்னாள், அதில் ஒரு சொல்கூட நாங்கள் விளையாடும்போது சொன்னதில்லை.

"பனிக்குடம் ஒடைஞ்சிச்சா கேளும்மா" என்றார் நர்ஸம்மா.

என் காதில் அது பாணிக்குடம் என்றுதான் விழுந்தது. "பாணிக்குடம் பாங்கிச்சா?" என்றேன்.

அவள் விழித்தாள். பிறகு வாசலைக் காட்டினாள். சுமி ஓடிப்போய் அங்கிருந்த மண்குடத்தைப் பார்த்துவிட்டு வந்து, "பாங்கல" என்றாள்.

"ஒடையலயாம்" என்றேன் நான்.

"அப்ப இன்னும் நேரம் ஆவும். நீங்க ரெண்டு பேரும் வெளிய போங்க, நான் பாத்துக்கறேன்."

"அதுவரிக்கும் இந்தப் பொண்ணு தாங்காது போலக்கீதே" என்று என் அம்மா சொன்னது வெளியே வரும்போது கேட்டது.

உள்ளேயிருந்து ஓர் அலறல் வந்தது. சுமி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். "மா மரிச்சிடுமா?"

"குடத்த பாங்கலாம், வா" என்றேன்.

நிறைகுடம். இருவரும் சேர்ந்து தூக்கி, அடுக்கியிருந்த செங்கல் மேல் போட்டோம். தண்ணீர் செம்மண்ணில் பாய்ந்து எங்கள் கால்களை நனைத்தது. அந்த ஈரம் உறிஞ்சப்படுவதற்குள் உள்ளே குழந்தை அழுதது. சுமி கைதட்டிக் குதித்தாள். நான் உடைந்த ஓடுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா வெளியே வந்து, "பொட்டப் புள்ள" என்று சொல்லியபடி களைத்துப்போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள், தனக்கு அப்போதுதான் மேடிட்டிருந்த வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

நான் எங்கள் கொட்டகைக்கு ஓடினேன். அங்கே இருந்தது ஒரே ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம். பலம்கொண்ட மட்டும் தூக்கித் தரையில் அடித்தேன். அது துள்ளி உருண்டு, சுவரோரம் போய் முழுசாக நின்றது. நான் விம்மி விம்மி அழுதேன்.