எட்டாம் வகுப்புச் சோறு

அஞ்சம்மாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று மீனவக் குப்பமே சொல்லும். வராமல் என்ன செய்யும்? இருபது வருஷமாகக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் தெருத் தெருவாக மீன் கூடை சுமக்கிறவள். வஞ்சிரமும் வவ்வால் மீனும் அவள் தலைமேல் போகுமே தவிர, அவள் வீட்டுச் சட்டிக்கு வராது. விற்காமல் நசுங்கிப் போன பொடிமீன்தான் வீட்டுக்கு. அதிலும் கடலுக்குப் போகிற புருஷன் காத்தவராயனும் இரண்டு மகன்களும் முதலில் சாப்பிட வேண்டும். வலை இழுக்கிற உடம்பு, குப்பத்து வழக்கம் அப்படி. அவர்கள் கை கழுவிய பிறகு சட்டியில் கிடப்பது அவளுக்கும் மகள் தனத்துக்கும்.

தனத்துக்குப் பதின்மூன்று வயது. மாசியில்தான் சடங்கானாள். தாய்மாமன் கொண்டுவந்த முட்டையும் உளுந்தங்களியும் ஒன்பது நாளோடு சரி. அதற்குப் பிறகு யார் தருவார்கள்? தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலே கண்ணை இருட்டுகிறது என்று உட்கார்ந்துவிடுவாள்.

மஞ்சக்குப்பத்தில் குமாஸ்தா வீட்டுப் பெண்ணுக்கும் அதே வயதுதான். "துண்டம் பெருசாப் போடு அஞ்சம்மா, வளர்ற பொண்ணு, சத்தா சாப்புடணும்" என்பாள் அந்த வீட்டம்மா. தினம் முட்டை, இரண்டு வேளை பால். தனத்தைவிட ஒரு சாண் உயரம். அஞ்சம்மாளுக்கு வயிறு எரியும். எம்பொண்ணு மட்டும் இன்னா மரக்கட்டையா என்று தொண்டை வரைக்கும் வரும். விழுங்கிக்கொண்டு மீனைப் போட்டுவிட்டு வருவாள்.

தனத்தின் எலும்பில் கொஞ்சமாவது சதை ஒட்டியிருந்தது என்றால், குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் போட்ட மதியச் சோற்றால்தான். அந்தப் பள்ளி எட்டாம் வகுப்போடு சரி. சோறும் அதோடு சரி. 1964 ஏப்ரலில் தனம் எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதினாள். பாஸானால் ஜூனில் டவுன் ஹைஸ்கூல். அங்கே பாடம் உண்டு, சோறு கிடையாது. நன்றாகப் படித்ததற்குக் கூலி பட்டினியாம்! இதை எந்தச் சாமியிடம் போய்க் கேட்பது?

அஞ்சம்மாள் சாமியிடம் போகவில்லை. கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, தலைமை ஆசிரியர் ராஜமாணிக்கத்திடம் நேராகப் போய் நின்றாள்.

"வாத்தியாரய்யா, எம்பொண்ண இந்த வருசம் பெயில் போட்டுடுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இன்னாம்மா பேசற நீ?"

"இன்னும் ஒரு வருசம் இங்கியே குந்தட்டும். ஒரு வேளையாவது வயித்துக்குத் துன்னும்."

அவர் மேஜையிலிருந்து இரண்டு விடைத்தாள்களை எடுத்து நீட்டினார். கணக்கு, விஞ்ஞானம். அஞ்சம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வெறும் தாள் தெரியாதா? மேலே ஒரு வரி, அதுவும் பெயர். கீழே ஒன்றுமே இல்லை.

"கிளாசுல மொத மார்க்கு வாங்கற பொண்ணு. நான் எங்க பெயில் போடறது? அவளே போட்டுக்கினா."

கேட்க வந்தது கேட்காமலே கிடைத்துவிட்டதே, சந்தோஷமாகப் போக வேண்டியதுதானே? போவாளா! நெஞ்சு பற்றிக்கொண்டது. "ஐயோ, புத்தி கெட்டுப்போய் கேட்டுட்டேன். பாஸ் போட்டுடுங்கய்யா, ஒங்க கால்ல வுழறேன்" என்று குனிந்தேவிட்டாள்.

"வெறுந்தாளுக்கு எப்படிம்மா மார்க்கு போடுவேன்?" என்றார் அவர்.

அன்றைக்குக் கூடையில் இருந்த மீனை அவள் விற்கவில்லை. வெயிலில் விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தாள். தனம் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். முதுகில் இரண்டு வைத்தாள்.

"சோத்துக்காகவாடி படிப்பத் தொலைச்ச? நான் செத்தா பூட்டேன்? என் பங்கு கஞ்சிய ஒனக்கு ஊத்த மாட்டனா?"

தனம் அழவில்லை.

"அதுக்குத்தாம்மா. லீவு நாள்ல நீ ஊத்தறது ஒம் பங்குதான? அப்புறம் தண்ணியக் குடிச்சிட்டு, துன்னுட்டேன்னு சொல்றியே, எனக்குத் தெரியாதா?"

அஞ்சம்மாள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"தெரிஞ்சா தெரியாத மாதிரியே துன்னு தொலைக்க வேண்டியதுதானடி, பாவி!"