இயர்பட்ஸும் தகர மூடியும்

பிடிக்கவில்லை என்றால் ஏழு நாட்களுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று பெட்டியோடு வந்த தாளில் இருந்தது. ஏழு நாட்களும் எல்லா இடத்திலும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வது என்று வைத்துக்கொண்டேன்.

அச்சுக்குப் போகும் புத்தகங்களில் பிழை பார்ப்பது என் பிழைப்பு. மாடியறை, ஒரு மேசை, ஒரு சிவப்புப் பேனா. இரண்டு தெரு தள்ளி யாரோ ஆழ்துளைக் கிணறு போட ஆரம்பித்திருந்தார்கள். லாரியின் மேல் நின்ற இயந்திரம் காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் விளக்கு வைக்கும்வரை கரிசலைத் துளைத்துக்கொண்டே இருந்தது. கரிசல் தீர்ந்து சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே பாறை. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு தனிச் சத்தம். ஒரே வரியை நான்கு முறை படித்தும் அதிலிருந்த பிழை கண்ணில் படவில்லை. அதனால்தான் இந்த இயர்பட்ஸை வாங்கினேன்.

முதல் நாள் அளவு பார்ப்பதிலேயே போயிற்று. மூன்று அளவில் ரப்பர் குமிழ்கள் கொடுத்திருந்தார்கள். இடது காதுக்கு நடு அளவு பொருந்தியது, வலதுக்குச் சின்னது. ஐம்பது வருடமாக இரண்டும் ஒரே காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தண்டை அழுத்திப் பிடித்தால் சத்தம் மறையும். மறைந்தது. முதலில் மின்விசிறி போயிற்று. பிறகு துளைக்கும் இயந்திரத்தின் அடிவயிற்றுச் சத்தம் போயிற்று. மேலே ஒரு சீறல் மட்டும் மிஞ்சியது. காக்கை போகவில்லை. குக்கர் விசில் போகவில்லை, மெலிந்து மட்டும் வந்தது. விடாமல் ஓடும் சத்தத்தை இது எடுத்துவிடுகிறது, திடீரென்று வருவதை விட்டுவிடுகிறது என்று தாளின் ஓரத்தில் குறித்தேன். அந்தக் குறிப்பை நம்பினேன்.

சாயந்திரம் புதூர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து மனைவி வந்தாள். அவள் படியேறியது எனக்குத் தெரியவில்லை. தோளைத் தொட்டு, அதை ஒரு காதிலிருந்து உருவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஊர்ல எல்லாரும் காது கேக்கதுக்கு மிசின் வாங்குதாவ. நீங்க கேக்காம இருக்கதுக்கு வாங்கியிருக்கீங்க.”

இரண்டாம் நாள் எட்டயபுரம் போகும் பேருந்தில் சோதித்தேன். எஞ்சின் உறுமல் போயிற்று, பாட்டு பாதி போயிற்று. நடத்துனர் மூன்று முறை கேட்டபின் பின்சீட்டுக்காரர் என் முதுகில் தட்டினார். ஜன்னலோரம் உட்கார்ந்தது தவறு. ஆனிக் காற்று. வெறும் கரிசலின் மேல் மறிக்க ஒரு மரமில்லாமல் வருகிற காற்று அந்தச் சின்ன மைக்கில் மோதி, காதுக்குள் இல்லாத ஒரு புயலை உண்டாக்கியது. தம்பி போனில் கூப்பிட்டான். யாரோ பக்கத்தில் சொளகில் புடைக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டான். மூன்றாம் நாள் அதைப் போட்டுக்கொண்டே கடலைமிட்டாய் தின்று பார்த்தேன். மண்டைக்குள் ஒரு ஆலை ஓடியது. தின்னும்போது கழற்ற வேண்டும் என்று குறித்தேன்.

இங்கே தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தெருவில் பதினோரு வீடுகள். குழாயில் நல்ல தண்ணீர் எட்டு நாளுக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை வரும், ஒரு மணி நேரம். எந்த நேரம் என்று யாருக்கும் தெரியாது. தெருவின் பள்ளத்துக் கடைசியில் இருப்பதால் என் வீட்டுக்குத்தான் முதலில் வரும். எல்லாரும் குழாயை முழுதாகத் திறந்து போட்டால் மேட்டு வீடுகளுக்கு ஏறாது. ஆகவே என் வீட்டுக் குழாய் மட்டும் திறந்திருக்கும். அதிலிருந்து ஒரு ஓஸ் தரைத்தொட்டிக்குள் போகிறது. தண்ணீருக்கு முன்னால் காற்று வரும். காற்று வந்தால் ஓஸ் துள்ளும், துள்ளித் தொட்டியின் தகர மூடியில் படபடவென்று அடிக்கும். அதைக் கேட்டு நான் இறங்கிப் போய், என் குழாயைப் பாதி மூடிவிட்டு, பக்கத்து வீட்டுக்கும் எனக்கும் பொதுவான சுவரின் மேல் இருக்கும் கல்லை எடுத்து மூன்று தட்டுத் தட்ட வேண்டும். பக்கத்து வீட்டில் தங்கள் குழாயைப் பாதி திறந்துவிட்டு அடுத்த சுவரில் தட்டுவார்கள். அப்படியே மேடேறிப் பதினோராவது வீடுவரை போகும். தெருவுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் காலை வணக்கத்துக்கு நடுவே தண்ணீர்ச் செய்தியை யாரும் தேடுவதில்லை. கல்தான் நிச்சயம்.

பகலில் வீட்டில் இருக்கிற ஆம்பளை நான் ஒருவன் என்பதால் இந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. ஆறு வருடமாக ஒருமுறைகூடத் தப்பவிட்டதில்லை.

நான்காம் நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெண் சுவரின் மேல் கையூன்றி நின்றாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. தலைப்பிள்ளைக்காரியான மகளை வளைகாப்புக்குக் கூட்டி வந்திருந்தார்கள். எண்பது பேருக்குச் சாப்பாடு, வீட்டிலேயே சமையல். தொட்டியில் ஒரு சாண்கூட நல்ல தண்ணீர் இல்லை. கேன் தண்ணீர் கொண்டுவரும் வண்டி வீட்டுக்கு இரண்டுக்கு மேல் தருவதில்லை.

“நாளக்கழிச்சு வளைகாப்பு அண்ணாச்சி. நாளைக்கு எப்படியும் தண்ணி வரும்னு சொல்லுதாவ. லீவு போட்டுட்டுதான் உக்காந்திருக்கேன். உப்புத் தண்ணில பருப்பு வேகாது, சோறு மஞ்சப்பூத்துப் போவும். சம்பந்தக்காரவ தூத்துக்குடியில இருந்து வாராவ. கொஞ்சம் காதக் குடுத்துக் கேட்டுக்கிடுங்க.”

கேட்டுக்கொள்கிறேன் தங்கச்சி என்றேன்.

ஐந்தாம் நாள். காலை முழுவதும் அதைப் போடவே இல்லை. மாடிக் கதவைத் திறந்து வைத்து, இயந்திரத்தின் சத்தத்தோடு மல்லுக்கட்டி மூன்று பக்கம் பார்த்தேன். மதியம் சாப்பிட்டு வந்தபோது பாறை கெட்டிப்பட்டுவிட்டது போல, சத்தம் பல்லுக்குள் இறங்கியது. நாளை மறுநாள் புத்தகம் அச்சகத்துக்குப் போக வேண்டும். திடீர்ச் சத்தத்தை இது விட்டுவிடும் என்ற என் குறிப்பு ஞாபகம் வந்தது. காக்கை கேட்கிறது, குக்கர் கேட்கிறது. தகர மூடி கேட்காதா? போட்டுக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மிஞ்சியிருந்த அந்தச் சீறலையும் மூட ஒரு வழி இருக்கிறதென்று போனில் எங்கோ பார்த்திருந்தேன். மழைச் சத்தம். இரண்டு மணி நேரத்துக்கு இடைவிடாத மழை. அதை ஓடவிட்டேன்.

சொன்னால் நம்ப மாட்டார்கள். கோவில்பட்டியில், ஆனி மாதத்தில், எனக்கு மட்டும் மழை பெய்தது. ஓலையின் மேல், ஓட்டின் மேல், தூரத்தில் ஏதோ குளத்தின் மேல். இயந்திரம் இல்லை, பாறை இல்லை, தெரு இல்லை. பேனா தானாக ஓடியது. விட்டுப்போன ஒற்றெழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்று கைதூக்கின. இருபத்தாறு பக்கம். அந்த ஒரு மணி நேரம் போல் ஒன்று எனக்குச் சமீபத்தில் வாய்த்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

காப்பி போடக் கீழே இறங்கினேன். முற்றம் நனைந்திருந்தது. தொட்டி நிரம்பி, தகர மூடி ஒருபுறம் விலகி, தண்ணீர் வாசல்படி தாண்டிச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓஸின் வாயில் விரல்கனம்தான் வந்தது.

ஓடிப்போய்க் கல்லை எடுத்துத் தட்டினேன். என் தட்டல் எனக்குக் கேட்கவில்லை, மழைதான் கேட்டது. திரும்பவும் தட்டினேன். சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகம் வந்தது. திரும்பி ஓடினாள். அவள் குழாய் இரண்டு குடம் கொடுத்தது, மூன்றாவது குடத்தின் கழுத்துக்கு வருமுன் நின்றுபோயிற்று. மற்ற வீடுகளுக்குக் காற்றுக்கூட ஏறவில்லை.

மறுபடி சுவருக்கு வந்தாள். பார்வை என் தலையின் பக்கவாட்டில் நின்றது.

“காதுல என்ன அண்ணாச்சி?”

கழற்றினேன். உள்ளங்கையில் இரண்டு வெள்ளைக் கொட்டைகள். இப்போதுதான் தண்ணீர் வந்தது, வந்ததும் நின்றுவிட்டது என்று சொல்ல ஒரு வாக்கியம் நாக்கு வரை வந்திருந்தது. முற்றத்து ஈரம் அவளுக்கு அங்கிருந்தே தெரிந்தது.

“கேக்கல தங்கச்சி. இதப் போட்டிருந்தேன்” என்றேன்.

அவள் கண் என் முற்றத்துத் தொட்டிக்குப் போயிற்று. நான்தான் சொன்னேன்: தெருவுக்கு வர வேண்டிய தண்ணீரில் கொஞ்சம் என் தொட்டியில் கிடக்கிறது, அண்டா அடுப்பெல்லாம் இங்கேயே வரட்டும், சமையல் என் முற்றத்தில் நடக்கட்டும். மிச்சத்தை மற்ற வீடுகள் எடுத்துக்கொள்ளட்டும். அவள் யோசித்துவிட்டுத் தலையசைத்தாள்.

பொழுதிறங்கும் முன்பே குடங்கள் வரத் தொடங்கின. மேட்டு வீட்டுக்காரி ஒருத்தி வாளியால் கோரிக்கொண்டே என்னைப் பார்க்காமல் பொதுவாகச் சொன்னாள், இனி வளைகாப்புக்கு மைக் செட்டு எவ்வளவு அலறினாலும் கவலையில்லை, அண்ணாச்சி காதில் போடுவதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று. எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, முற்றத்தில் நின்ற கூட்டத்தையும் என்னையும் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள். பையை வைத்துவிட்டுப் போய் அவளும் ஒரு குடம் பிடித்துக் கொடுத்தாள்.

மறுநாள் என் முற்றத்தில் பருப்பு வெந்தது. குழைந்து, இதழ் பிரிந்து, வேண்டிய பதத்தில் வெந்தது. அண்டாவுக்குள் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்ணின் தோள் கொஞ்சம் இறங்கியதை மாடியிலிருந்து பார்த்தேன். சம்பந்தக்காரர்கள் சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். மகளின் இரண்டு கை நிறைய வளையல். அந்தச் சத்தத்தை நான் வெறுங்காதால்தான் கேட்டேன்.

எல்லாரும் போனபின் பக்கத்து வீட்டுக்காரி எனக்கும் மனைவிக்கும் இலைபோட்டுப் பரிமாறினாள். சாப்பிட்டு முடித்ததும் சொன்னாள். கோபமில்லை, கணக்குத் தீர்க்கிற குரலுமில்லை.

“அடுத்த தண்ணிக்கு எங்க வீட்டுக் குழாய் தெறந்து கெடக்கட்டும் அண்ணாச்சி. எங்க மாமியார் பகல்ல வீட்டுலதான இருக்காவ. உங்களுக்கு எழுத்து வேல. அங்கன மேல இருந்தா எப்படிக் கேக்கும்?”

சரி என்றேன். அன்றைக்குச் சாயந்திரம் பார்த்தபோது கல், சுவரின் மேல் அவர்கள் பக்கமாக நகர்ந்திருந்தது.

ஏழாம் நாள் திருப்பி அனுப்பும் படிவத்தைப் போனில் திறந்தேன். காரணம் கேட்டது. பொருள் வேலை செய்யவில்லை. அளவு சேரவில்லை. படத்தில் பார்த்ததுபோல் இல்லை. ஒவ்வொன்றாகப் படித்தேன். பொருள் வேலை செய்தது. மூடிவிட்டேன்.

தண்ணீர் வீணான நாளிலிருந்து ஒன்பது நாளும் உப்புத் தண்ணீரில் குளித்தோம். தலை பிசுபிசுத்தது. மனைவி புதூரிலிருந்து பேருந்தில் இரண்டு பாட்டில் நல்ல தண்ணீர் கொண்டுவந்தாள், சமையலுக்கு மட்டும்.  நான் மேசையைக் கீழே இறக்கி, பொதுச் சுவரை ஒட்டிய அறையில் போட்டேன். கிணறு போட்டவர்களுக்குத் தண்ணீர் கிடைத்ததா என்று தெரியவில்லை. லாரி வேறு தெருவுக்கு நகர்ந்து அங்கேயும் துளைத்தது.

பத்தாம் நாள் முற்பகல். இரண்டையும் போட்டிருந்தேன். மழையை ஓடவிடவில்லை. ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில் இருந்தபோது மேசையில் ஊன்றிய முழங்கையில் ஏதோ இடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. சத்தமாக வரவில்லை, சுவர் வழியாக, பலகை வழியாக, எலும்புக்கு வந்தது. கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய்க் குழாயைத் திறந்தேன். பள்ளத்துக் கடைசி வீடு, எனக்கு அடுத்துத் தட்ட வீடில்லை. ஓஸ் துள்ளித் தகர மூடியில் அடிப்பதைப் பார்த்தபடி, தண்ணீர் வரும்வரை நின்றேன்.