எல்லா பிளாட்ஃபாரத்திலும் ஓடும்

ஒரு கம்ப்யூட்டரில் ஓடுகிற விளையாட்டை இன்னொன்றிலும் ஓட வைப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. இதில் மாட்டிக்கொண்டு விழித்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

போர்டு

தொண்ணூறுகளின் கடைசியில் தாம்பரம் ஸ்டேஷன் எதிரே ஒரு மாடி அறை எடுத்தேன். பழசோ புதுசோ, எந்த வகை மெஷினானாலும் சரி என்ற அர்த்தத்தில், "கம்ப்யூட்டர் கேம் செய்ய உதவி. எல்லா பிளாட்ஃபாரத்திலும் ஓடும்" என்று போர்டு மாட்டினேன். முதலில் படியேறி வந்தது காய்கறிப் பையோடு ஓர் அம்மா. அறையைச் சுற்றிப் பார்த்தவர் மூச்சு வாங்கக் கேட்டார்: "செங்கல்பட்டு வண்டி எந்த பிளாட்பாரம்னு கேக்க வந்தா, நீ இன்னாப்பா டிவி பொட்டிய வெச்சிகினு குந்திகினு கீறே?"

வேகம்

போர்டைச் சரியாகப் புரிந்துகொண்டு வந்த முதல் ஆள் ஸ்டெல்லா டீச்சர், பக்கத்துப் பெண்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர். பள்ளியில் இருந்தவை இரண்டே மெஷின்கள், ஒன்று பழசு, ஒன்று புதுசு. கண்காட்சியில் பிள்ளைகள் உருப்படியாக எதையாவது செய்து காட்டாவிட்டால், கம்ப்யூட்டர் அறையைத் தையல் வகுப்புக்குக் கொடுத்துவிடுவதாக ஹெச்.எம். சொல்லியிருந்தாராம். மேலிருந்து விழும் பழத்தைக் கூடையில் பிடிக்க வேண்டும், கல்லை விட்டுவிட வேண்டும். பிள்ளைகள் யோசித்த விளையாட்டு அவ்வளவுதான்.

நாம் எழுதும் கட்டளைகளை மெஷினுக்குப் புரிய வைக்கும் கம்பைலரை இரண்டிலும் போட்டேன். படம் வரைவதற்கு நானே எழுதிய ஃபைல்களையும் ஏற்றினேன். ஒரு பழத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே இடைவெளி விட, மெஷினைச் சும்மா ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லியிருந்தேன். என் மெஷின் நிதானமாக எண்ணியது. பள்ளியின் புது மெஷினோ கண் மூடித் திறப்பதற்குள் எண்ணி முடித்து, எல்லாப் பழத்தையும் கொட்டிவிட்டது. கடிகாரத்தைப் பார்த்து விழும்படி மாற்றிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "ஓடும்னு போர்டுல போட்டீங்க சார், இது பறக்குதே!"

நிறம்

கண்காட்சியன்று புது மெஷினைச் சுற்றி ஒரே கூட்டம். ஹெச்.எம். நேராகப் பழசின் முன் போய் உட்கார்ந்தார். அதன் திரையில் பச்சையைத் தவிர வேறு நிறமே கிடையாது. சிவப்புப் பழமும் மஞ்சள் கல்லும் ஒரே அச்சாகப் பச்சை உருண்டைகளாக விழுந்தன. "இதுல எதும்மா பழம்?" என்றார். ஸ்டெல்லா டீச்சர் என்னைப் பார்த்தார். கல்லை மட்டும் சதுரமாக்கி, கம்பைலரைத் திரும்ப ஓட விட்டேன். பிள்ளைகள் அதுவரை ஹெச்.எம்.முக்குக் கூடையை எந்த பட்டனால் நகர்த்துவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். மணி அடித்தும் அவர் எழவில்லை. ஸ்டெல்லா டீச்சர் கூப்பிட்டபோது திரும்பாமலே சொன்னார்: "தையல் கிளாஸுக்கு வேற ரூம் பாத்துக்கலாம் ஸ்டெல்லா, கொஞ்சம் தள்ளு, பழம் விழுது."

என்னை நம்பிப் படியேறிய ஸ்டெல்லா டீச்சருக்கு நன்றியாக அந்த போர்டை நான் கடைசிவரை மாற்றவேயில்லை, செங்கல்பட்டு வண்டி வரும் பிளாட்ஃபாரத்தை மட்டும் கீழே சின்னதாக எழுதி வைத்தேன்.